நாளைக்கு அந்த வகுப்புக்குள் எப்படிப் போவது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். எட்டாம் வகுப்பில் வெப்பம் பற்றிய பாடம். மார்ச் மாத வெயில், பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "ஏன் சார் இப்படிக் கொளுத்துது?" என்று யாரோ கேட்க, "கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது, அதனால்தான்" என்று சொல்லி, போதாததற்குக் கரும்பலகையிலும் எழுதிவிட்டீர்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அப்போ டிசம்பர்ல மெல்போர்ன் டெஸ்ட் மேட்ச்ல மட்டும் எப்படி சார் வெயில் அடிக்குது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. "கிரிக்கெட் பார்த்துட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்காதே, உட்கார்" என்றீர்கள். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினால் பையன் சொன்னதில்தான் நியாயம் இருக்கிறது. இப்போது தூக்கம் வரவில்லை. நாளைக்கு அதே வகுப்பில் முதல் பீரியட். பட்டப்பெயர் வேறு வைத்துவிடுவார்களோ என்று கவலை.

31 வருடம் கணக்கும் அறிவியலும் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதிரி ராத்திரிகள் எனக்கும் நாலைந்து உண்டு.

முதலில் ஒரு ஆறுதல், அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொள்வோம். நீங்கள் சொன்ன தவறு உலகம் முழுக்கப் படித்தவர்கள் சொல்வது. 1987-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், கருப்பு அங்கியோடு நின்றவர்களிடம் ஒரு ஆவணப்படக் குழு மைக்கை நீட்டி, கோடை ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்டது. பெரும்பாலானவர்கள் தயக்கமே இல்லாமல் "பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால்" என்றார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் போனால் சுடும் என்று ரெண்டு வயதில் கற்றுக்கொண்டது மனதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. படிப்பெல்லாம் அதன் மேல் போர்த்திய துணிதான். எனவே தெரியாமல் சொன்னதற்காக மருகாதீர்கள்.

மருக வேண்டியது வேறு ஒன்றுக்கு. அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. நல்ல கேள்வி என்றுகூடச் சொல்லக்கூடாது, அதுதான் அந்த இடத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. பூமி மொத்தமாகச் சூரியனை நெருங்கினால் பூமி மொத்தமும் ஒன்றாகத்தானே சூடாக வேண்டும்? இங்கே மார்கழிப் பனியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு காலை ஐந்து மணிக்கு டிவியைப் போட்டால், அங்கே ஆட்டக்காரர்கள் மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசிக்கொண்டு நிற்கிறார்கள். அதைப் பார்த்து, உங்கள் வாக்கியத்தோடு பொருத்தி, இரண்டும் சேரவில்லை என்று கண்டுபிடித்திருக்கிறான் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை. அவனைத்தான் உட்காரச் சொன்னீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்கள் பலகையில் எழுதியதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்களா, இல்லையா? எழுதியிருப்பார்கள். பலகையில் விழுந்த எதையும் எழுதிக்கொள்ளத்தான் அவர்களைப் பழக்கி வைத்திருக்கிறோம். அப்படியென்றால் இன்று ராத்திரி முப்பது நாற்பது பைகளுக்குள் அந்தத் தப்பான வரி, உங்கள் பேச்சை நம்பி, படுத்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு வந்த வெட்கம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். அந்த வரி ஆறாது. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று அவர்களோடு போகும். நாளைக்கு நீங்கள் போவது உங்கள் மானத்தைக் காப்பாற்ற என்று நினைத்தால் கால் நடுங்கும். நோட்டைத் திருத்தப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போங்கள், நடுக்கம் கொஞ்சம் குறையும். எனக்குக் குறைந்தது.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். சேர்ந்து ஆறேழு வருடம் இருக்கும். எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வில், மைனஸ் ஐந்து வர்க்கம், அடைப்புக்குறி போடாமல். ஒரு பெண் −25 என்று எழுதியிருந்தாள். நான் தப்புப் போட்டு 25 என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "டீச்சர், அடைப்புக்குறி இல்லையே, ஐந்துக்கு மட்டும்தானே வர்க்கம், மைனஸ் வெளியேதானே நிற்குது?" என்றாள். "மைனஸும் மைனஸும் பெருக்கினா என்ன வரும், போய் வாய்ப்பாட்டைப் படி" என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் பேருந்தில் வரும்போதே உறைத்தது. அவள் சொன்னது சரி. வர்க்கம் ஐந்துக்குத்தான், அடைப்புக்குறிக்குள் மைனஸும் சேர்ந்து இருந்தால்தான் 25. மறுநாள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். மறுநாள் ஆய்வுக்கு அதிகாரி வந்தார். அதற்கு மறுநாள் வேறு ஏதோ. ஒரு வாரம் போனதும், இனி அதைக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டேன்.

பதினைந்து வருடம் கழித்து வங்கியில் பணம் எடுக்க நிற்கிறேன். கவுன்ட்டருக்கு உள்ளே இருந்த பெண் முகம் மலர்ந்து, "டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றாள். கையெழுத்துப் பார்த்தாள், பணத்தை எண்ணிக் கொடுத்தாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, சிரித்துக்கொண்டே, "டீச்சர், மைனஸ் அஞ்சு ஸ்கொயர் எவ்வளவு?" என்று கேட்டாள். கோபம் ஒன்றும் இல்லை அவளிடம். ஆனால் மறக்கவில்லை. அவளுக்கு நான் நடத்திய நூறு பாடத்தில் எது ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, திருத்தாமல் விட்ட அந்த ஒரு மதிப்பெண் இருந்தது. "இருபத்தைந்து... மைனஸ்" என்று நான் குழறியதைப் பார்த்துப் பக்கத்துக் கவுன்ட்டர்க்காரரும் சிரித்தார்.

சரி, நாளைக் காலைக்கு வருவோம்.

வருகைப் பதிவு எடுத்து முடித்ததும், வேறு எதையும் ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். "நேத்து நான் பலகையில எழுதினது தப்பு. மெல்போர்ன் கேள்வி கேட்டானே, அவன் கேட்டது சரி. சரியான கேள்வி கேட்டவனை உட்காரச் சொன்னேன், அதுவும் தப்பு." அவன் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். தனியாக ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லலாமே என்று தோன்றும். வேண்டாம். நாற்பது பேர் பார்க்க மட்டம் தட்டிவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில் தட்டிக்கொடுத்தால் கணக்கு நேராகாது. அதற்காக அவனை மேடையேற்றிக் கைதட்டச் சொல்லவும் வேண்டாம். அந்த வயதில் அதுவும் ஒரு தண்டனைதான். ஒரு வரி போதும்.

பிறகு நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். அந்த வரியைக் கிழிக்கவோ கிறுக்கி மறைக்கவோ வேண்டாம். குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் தேதி. அடித்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். உறுதியாக நம்பிய ஒன்று தவறு என்று தெரிய வரும்போது, அரைகுறையாக நம்பியதைவிட அதன் திருத்தம் மனதில் நன்றாக ஒட்டிக்கொள்கிறது என்று 2001-ல் பட்டர்ஃபீல்ட், மெட்கால்ஃப் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எங்களைப் போன்ற பழைய ஆசிரியர்களுக்கு அது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும்.

சொல்லக்கூடாதது ஒன்று உண்டு. "சும்மா உங்களைச் சோதிச்சுப் பார்த்தேன், யார் கண்டுபிடிக்கிறீங்கன்னு." இதை நம் தொழிலில் சொல்லாதவர் இல்லை, நானும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் "ஓ..." என்று இழுப்பார்கள் பாருங்கள், அந்த இழுப்பிலேயே தெரியும் அவர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்று. உங்கள் விஷயத்தில் அது எடுபடவே எடுபடாது. சோதித்தவர் ஏன் கண்டுபிடித்தவனைத் திட்டினார்?

இனி பாடம். திருத்திவிட்டு வெறும் "பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது, அதனால்தான்" என்று ஒரு வரியை மாற்றி எழுதிப் போட்டால் ஒரு தவறை எடுத்துவிட்டு ஒரு மந்திரத்தை வைத்ததாகும். ஒரு பீரியட் முழுக்க இதற்குக் கொடுத்துவிடுங்கள்.

பையனின் கேள்வியையே பலகையின் தலையில் எழுதுங்கள். அதன் கீழே இரண்டு எண்கள். ஜனவரி முதல் வாரத்தில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் சுமார் 15.2 கோடி. வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகும். நாம் குளிரில் இருக்கும்போதுதான் பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது! வித்தியாசம் 50 லட்சம் கிலோமீட்டர் என்றாலும் மொத்தத்தில் மூன்று சதவீதத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். இந்த இரண்டு எண்ணோடு நேற்றைய வரி செத்துவிடும், நீங்கள் வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

அடுத்து டார்ச். ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டின் மேல் நேர் செங்குத்தாக அடியுங்கள். வெளிச்சம் சின்ன வட்டமாக விழும். எத்தனை கட்டம் என்று எண்ணச் சொல்லுங்கள். அதே உயரத்திலிருந்து டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். வட்டம் நீண்டு முட்டையாகும், கட்டங்கள் கூடும், வெளிச்சம் மங்கும். அதே வெளிச்சம், அதிக இடத்தில் பங்கு போடப்பட்டிருக்கிறது. காலை வெயிலும் உச்சி வெயிலும் ஏன் வேறு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பிறகு உலக உருண்டை. இங்கேதான் பலரும் சறுக்குவார்கள், ஜாக்கிரதை. நடுவில் குண்டு பல்பை வைத்து, உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றி நடப்பீர்கள். நடக்கும்போது உடம்பு திரும்பும், கை திரும்பும், கூடவே உருண்டையின் சாய்வும் திரும்பிவிடும். அப்போது வட பகுதி எப்போதும் பல்பைப் பார்த்தபடியே இருக்கும், பருவமே மாறாது! அச்சு 23½ டிகிரி சாய்ந்து, வருடம் முழுக்க வானத்தில் ஒரே திசையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் நடப்பதற்கு முன், சத்துணவுக்கூடம் இருக்கிற பக்கத்துச் சுவரைக் காட்டி, "உருண்டையின் தலை எப்போதும் இந்தச் சுவரைத்தான் பார்க்கணும்" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் நடக்காதீர்கள், ஒரு பெண்ணை நடக்க விடுங்கள், மற்றவர்கள் தலை திரும்புகிறதா என்று காவல் காக்கட்டும். ஒரு பக்கம் வரும்போது வட பாதி பல்பை நோக்கிக் கவிழ்ந்திருக்கும், எதிர்ப்பக்கம் போனால் தென் பாதி. மெல்போர்ன் எங்கே இருக்கிறது என்று அந்தப் பையனையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு புத்திசாலி எழுந்து, "ஓ, சாய்ஞ்சிருக்கிறதால அந்தப் பாதி மட்டும் சூரியனுக்குப் பக்கத்துல போகுது, அதான் சூடு" என்பாள். அடுப்பு மறுபடியும் வந்துவிட்டது பாருங்கள்! பூமியின் விட்டமே 13,000 கிலோமீட்டருக்கும் குறைவு. 15 கோடியில் அது எங்கே காணும்? டார்ச்சையும் கட்டத்தையும் நினைவுபடுத்துங்கள். அதோடு பகல் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஜூன் மாதப் பகல் டிசம்பர் பகலைவிடச் சுமார் ஒன்றரை மணி நேரம் நீளம். மெல்போர்ன் போன்ற தூரத்து ஊர்களில் இந்த வித்தியாசம் ஐந்து மணி நேரத்தையும் தாண்டும். அடுப்பு எரிகிற நேரமே கூடிப்போகிறது.

"அப்போ நமக்கு மட்டும் ஏன் ஜூன்ல இல்லாம மே மாசம் அக்னி நட்சத்திரம்?" இந்தக் கேள்வி வராவிட்டால் நீங்களே கிளப்புங்கள், ஏனென்றால் அவர்கள் வாழ்வது மெல்போர்னில் இல்லை. நாம் கடக ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். சூரியன் வடக்கே ஏறிப் போகும்போது ஒரு தடவையும், திரும்பி இறங்கும்போது ஒரு தடவையும் நம் உச்சந்தலைக்கு மேல் வந்து போகிறது. சென்னை வாக்கில் அது ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10-ஐ ஒட்டியே வந்துவிடும். தலைக்கு மேல் சூரியன் நின்று, மேகமும் இல்லாமல், தரை நாள்தோறும் வாங்கிய சூட்டைச் சேர்த்து வைத்துத் திருப்பித் தருகிற காலம் மே. ஆகஸ்டிலும் சூரியன் உச்சிக்கு வருகிறது, ஆனால் அப்போது மேகமும் சாயங்கால இடிமழையும் குறுக்கே வந்துவிடுகின்றன.

பட்டப்பெயர் பற்றிக் கேட்டீர்கள். வைப்பார்கள். ஏற்கெனவே ஒன்று இருக்கும், உங்களுக்குத்தான் தெரியாது. எனக்கு இருந்தது 'வாய்திற டீச்சர்'. ஏழாம் வகுப்பில் ஒரே இரைச்சல். "எல்லாரும் புத்தகத்தைத் திறந்து வாயை மூடுங்க" என்று சொல்லப் போய், முழுக் குரலில், "எல்லாரும் வாயைத் திறந்து புத்தகத்தை மூடுங்க!" என்றேன். ஒரு நொடி. அப்புறம் நாற்பத்திரண்டு பேரும், என்ன ஒரு கீழ்ப்படிதல், புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். பல் டாக்டர் மாதிரி நின்றேன். சிரிப்பு வந்துவிட்டது எனக்கும். இப்படி வார்த்தைகள் இடம் மாறுவது சொல்கிறவரின் அறிவைக் காட்டுவதில்லை. அடுத்து வர வேண்டிய சொல்லை மனது முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கும், அவசரத்தில் அது முந்திக்கொண்டு விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நியூ கல்லூரியில் ஸ்பூனர் என்று ஒரு ஆசிரியர் இருந்தார், 1844-ல் பிறந்து 1930-ல் இறந்தவர். இரண்டு சொல்லின் முதல் எழுத்துகளை மாற்றிப்போட்டுப் பேசிவிடுவார் என்று பெயர் வாங்கி, அந்த வகைப் பிறழ்ச்சிக்கே ஆங்கிலத்தில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அவர் சொன்னதாக உலவுகிற பல வாக்கியங்கள் மாணவர்களே உட்கார்ந்து இட்டுக்கட்டியவை. ஒரு தடவை தடுக்கினால் ஒன்பது தடவை தடுக்கியதாகப் பிள்ளைகள் கதை கட்டுவார்கள், எந்த நாட்டிலும். அதைத் தடுக்கப் போகாதீர்கள். யார் வைத்தது என்று விசாரணை நடத்தினால் அந்தப் பெயர் உங்களோடு ஓய்வூதியம் வரைக்கும் வரும். உடை கிழிந்தது, பித்தான் திறந்திருந்தது போன்ற சங்கதிகளும் இந்த வகைதான். பேசாமல் வெளியே போய்ச் சரிசெய்துகொண்டு வந்து பாடத்தைத் தொடருங்கள்.

ஆனால் தம்பி, எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் இருக்கிறது. தப்பு செய்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, நம்மை மனிதராகப் பார்க்கிறார்கள் என்று ஒரு ருசி கண்டுகொண்டு, தன்னையே கோமாளியாக்கிக்கொள்கிற ஆசிரியர்கள் உண்டு. 1966-ல் எலியட் ஆரன்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். வினாடி வினாவில் ஒருவர் பதில் சொல்வதை ஒலிநாடாவில் கேட்க வைத்து, கடைசியில் அவர் காபியைத் தன் மேல் கொட்டிக்கொள்வதாக ஒரு பகுதி. நன்றாகப் பதில் சொன்னவர் கொட்டியபோது கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்தது. சுமாராகச் சொன்னவர் கொட்டியபோது இருந்த மதிப்பும் இறங்கியது. நீங்கள் இரண்டாவது வருடம். நீங்கள் எந்த வகை என்று அந்த வகுப்பு இன்னும் முடிவு செய்யவில்லை. அதனால் நாளைக்கு மன்னிப்பு அரை நிமிடம், டார்ச்சும் உருண்டையும் முப்பத்தைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ராத்திரி தூக்கம் வராத நேரத்தில் வீட்டில் ஒரு ஆரஞ்சுப் பழத்தில் ஊசியைக் குத்தி, மேசை விளக்கைச் சுற்றி இரண்டு மூன்று தடவை நடந்து பழகுங்கள். தலை திரும்பாமல் பிடிப்பது நினைப்பதைவிடக் கஷ்டம்.

காலையில் தலைமை ஆசிரியரிடமும் போகிற போக்கில் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். பெற்றோர் யாராவது வந்து சொல்லி அவர் கேட்பதற்கு முன் உங்கள் வாயால் கேட்பது நல்லது. வகுப்புத் தேர்வில் யாராவது அந்தப் பழைய வரியை எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், உங்கள் கடன் அது. பக்கத்தில் சரியானதை எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் ஏப்ரல் 24 பற்றிச் சொன்னேன் அல்லவா. உங்கள் ஊர் ஏறக்குறைய சென்னைக்கு நேர் மேற்கே என்பதால் உங்களுக்கும் நாள் அதுதான், ஒருநாள் முன்னே பின்னே. ஆண்டுத் தேர்வு சமயமாக இருக்கும், இருந்தாலும் மதியம் பத்து நிமிடம் ஒதுக்க முடியும். மைதானத்தில் சமமான இடமாகப் பார்த்து ஒரு குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். தூக்குக் குண்டு இல்லாவிட்டால் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஆரம்பித்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழலை அளக்க வேண்டும், 12 மணி 10 நிமிடம் வாக்கில் நிழல் குச்சியின் காலடிக்குள் ஒடுங்கிவிடும். மேகம் வந்து கெடுத்தால் மறுநாளும் முயலலாம், பெரிய வித்தியாசம் இருக்காது. அளக்கிற ஸ்கேலை மட்டும் அந்தக் கடைசி பெஞ்சுக்காரனிடம் கொடுத்துவிடுங்கள்.